மைக்கில் கூப்பிட்டவர்

அனிதா லண்டனிலிருந்து கூப்பிட்டபோது சுப்பராயலு கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மழை விட்டிருந்தது. சேற்று வரப்பில் செருப்பை ஒரு கையிலும் செல்போனை மறுகையிலும் பிடித்துக்கொண்டு மனைவி பாக்யலட்சுமி ஓடிவந்த வேகத்தைப் பார்த்ததும், சொந்தத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்தார். "உங்க பொண்ணுதான். உங்ககிட்டதான் பேசணுமாம்" என்று மூச்சு வாங்க போனை நீட்டினாள். திரையில் அனிதா நர்ஸ் உடுப்பில் ஆஸ்பத்திரியின் நீண்ட நடைவழி ஒன்றில் நின்றிருந்தாள். அங்கே வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. "அப்பா, நான் ஒருத்தர விரும்புறேன்பா. துவாரகன்னு பேரு. தமிழ்ப் பையன்தான்" என்றாள், முன்னாலேயே மனப்பாடம் பண்ணி வைத்ததைப்போல ஒரே மூச்சில்.

"எந்த ஊரு?"

"பொறந்ததெல்லாம் இங்கதான். அவருக்கு அப்பா இல்ல. அவங்க அம்மா ஜாஃப்னா. சிலோன்பா."

சுப்பராயலு "சிக்னல் சரியில்ல" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு அடுத்த சாலுக்குப் போய்விட்டார். அனிதாவின் குரல் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சோகை உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் வந்ததை வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் பார்த்தார்.

அதற்கு ஜாதிதான் காரணம் என்று பாக்யலட்சுமி எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்காமல் செக்குமாட்டைப்போல வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள். "இன்னாங்க, அவங்க இன்னா ஆளுங்களோன்னு யோசிக்கிறீங்களா? முப்பதத் தொடப்போறா அவ. இன்னமும் இதெல்லாம் பாத்துகினு இருந்தா எப்படி?" அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது சுலபமாக இருந்தது.

கிருமாம்பாக்கத்தில் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்றுதான் பெயர். பத்தொன்பது வயதில் சேர்ந்து, இருபத்துநாலு வருடம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். காஷ்மீரில் மூச்சுக்காற்று மீசையில் உறைந்ததைச் சொல்வார். ராஜஸ்தானில் லாரி மணலில் புதைந்ததைச் சொல்வார். நடுவில் இருந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால், "சிலோன்ல இருந்தேன். தேங்கா எளநி நல்லா இருக்கும்" என்று முடித்துவிடுவார். நவம்பர் ஒன்றாம் தேதி பாண்டிச்சேரி விடுதலை நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். சட்டை மடிப்புக் கலையாமல் போய் ஏற்றிவிட்டு வருவார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். கூச்சம் என்று ஊரில் நினைத்தார்கள்.

அவருடைய பெரியப்பாவும் ஒரு சிப்பாய்தான், பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்து, சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தையிலேயே சாகும்வரை 'சொல்தா' என்று அழைக்கப்பட்டவர். அவர் கதை சொன்னால் தெரு கூடும். ஆற்றைக் கடக்கும்போது கால்சட்டை அவிழ்ந்துபோன கதை, வாத்து திருடிய கதை, தளபதியின் தொப்பியில் குரங்கு மூத்திரம் பெய்த கதை. சிறுவனாக அதையெல்லாம் கேட்டுத்தான் சுப்பராயலுவுக்குப் பட்டாளத்தின்மேல் ஆசை வந்தது. இவர் சிலோனிலிருந்து திரும்பிய வருடம் பெரியப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். போய் அருகில் உட்கார்ந்தபோது பெரியப்பா இவர் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீயும் சிரிப்புக் கதைங்களா தேடி வச்சிக்கோ" என்றார்.

தை மாதம் அறுவடை நேரத்தில் அனிதா பதினைந்து நாள் லீவில் வந்தாள். துவாரகனும் அவன் அம்மாவும் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை வருகிறார்கள், வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்றாள். பாக்யலட்சுமி அன்றே வீட்டை ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் வயலில் இருந்து வந்த சுப்பராயலு, கூடத்துச் சுவரில் தன் யூனிஃபார்ம் படம் இருந்த இடத்தில் ஒரு காலண்டர் தொங்குவதைப் பார்த்தார்.

"படம் எங்க?"

பாக்யலட்சுமி அடுப்படியில் எதையோ உருட்டினாள். அனிதாதான் வந்தாள். "நான்தான்பா எடுத்தேன். நீ கவர்மெண்ட் வேலைல இருந்து ரிட்டயர் ஆனன்னு அவங்ககிட்ட சொல்லிருக்கேன். அது பொய் இல்லல்ல?" அவர் பார்த்த பார்வையில் அவள் குரல் இறங்கியது. "அவங்க அம்மாவோட அண்ணன் எண்பத்தேழுல செத்துட்டாருப்பா. இந்தியன் ஆர்மி போயிருந்த நேரம். எப்படின்னு அவங்க யார்கிட்டயும் பேசுனதில்ல. ஒருவாட்டி டிவில நம்ம டெல்லி பரேடு வந்துச்சி, சாப்பிட்டுகினு இருந்தவங்க தட்ட வச்சிட்டு எழுந்து போய்ட்டாங்க. நீ அங்க போனதே இல்லன்னு இருக்கட்டுமே."

எண்பத்தேழில் எந்த மாதம் என்று அவர் கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருக்கு பிரஷர் பார்க்கும் நாள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அனிதாவே ஸ்கூட்டியில் அழைத்துப்போனாள். சீட்டு வாங்கிக்கொண்டு நாற்காலி வரிசையில் உட்கார்ந்தார்கள். நல்ல கூட்டம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் பெயர் பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து கதவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். சுப்பராயலு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் எழுந்து போகிறார்கள். கூப்பிடுகிறவளின் முகத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை.

"சிலோன்ல, எங்க பட்டாளக் கம்பெனில நான் ஒருத்தன்தான் தமிழ்" என்று திடீரென்று ஆரம்பித்தார். அனிதா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. வயர்லெஸ் தூக்குகிற வேலை. அக்டோபர் மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம். சண்டை தொடங்கி நான்கைந்து நாள் இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு ஊர்; பெயரை அவர் வரைபடத்தில் இங்கிலீஷில்தான் படித்திருந்தார். பனைமரங்களும் மரக்கிளை நட்டு வளர்த்த கதியால் வேலியுமாக, கிணற்றடியில் வாழையுமாக, ஒரு பக்கமிருந்து பார்த்தால் அவர் ஊருக்கு அடுத்த பாகூர் போலவே இருந்தது. சனங்கள் வீட்டுக்குள் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து கோயிலில் இருக்க வைத்துவிட வேண்டும், அதுதான் அவர்களுக்கும் பத்திரம் என்று அதிகாரி சொன்னார். கையில் பிடித்துப் பேசுகிற மைக் ஒன்றைச் சுப்பராயலுவிடம் கொடுத்து, உன் பாஷையில் கூப்பிடு என்றார்.

"மொதல்ல யாரும் வரல. நான் பாட்டுக்கு கத்திகினே நடந்தேன். ஒரு வூட்டுல கெழவரு ஒருத்தரு எட்டிப்பாத்து, தம்பி நீங்கள் தமிழோன்னாரு. ஆமாங்க, பாண்டிச்சேரிப் பக்கம், எனக்கும் அம்மா தங்கச்சில்லாம் இருக்காங்க, ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன் வாங்கன்னேன். அவரு உள்ள திரும்பி, வாங்கோ, எங்கட பெடியன்தான்னாரு. நம்ம பையனாம். அப்பறம் அடுத்த வூடு, அதுக்கு அடுத்த வூடு. நாப்பது பேருக்கு மேல வந்துட்டாங்க. எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சி அனிதா."

ஒலிபெருக்கி யாரோ ஓர் எல்லம்மாளை இரண்டாம் முறை கூப்பிட்டது.

"கோயிலுக்கு இன்னும் நூறடி இருக்கும். சுட ஆரம்பிச்சிட்டாங்க."

"யாரு?"

"தெரியல. ரெண்டு பக்கமும் வெடிச்சிது. நான் வாய்க்கால்ல உழுந்தேன். சட்டுனு எல்லாம் அடங்கிடிச்சி. எழுந்து பாத்தா அந்தக் கெழவரு கெடக்கிறாரு. ரெண்டு பொம்பளைங்க. ஒரு வாலிபப் பையன். இன்னும் யாரோ. கொழந்தைய இடுப்புல வச்சிகினு ஒரு அம்மா நின்னுகினே இருந்துச்சி. அழல. உங்கள நம்பித்தானே வந்தனாங்கள்னு என்னைப் பாத்து சொல்லிச்சி. அந்த அம்மாவுக்குத் திட்டக்கூடத் தோணல பாரு."

அனிதா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் அவள் விரல் நாடியில் போய் நின்றது. பிறகு அவள் சொன்னது அவர் எதிர்பார்க்காதது. "உன் மேல தப்பில்லப்பா. ஆனா அவங்ககிட்ட சொல்லாத. ப்ளீஸ். என் வாழ்க்கப்பா இது."

"நாளைக்கு ஒருநாள் தெரிஞ்சா?"

"தெரியறப்போ பாத்துக்கலாம். நீ இவ்ளோ நாள் சொல்லாமதான இருந்த? எனக்கே சொல்லல, அம்மாக்கே சொல்லல. இன்னும் கொஞ்ச நாள் இரேன்."

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரஷர் அதிகமாக இருக்கிறது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. துவாரகன் நெடுநெடுவென்று இருந்தான். செருப்பைக் கழற்றும்போதே பாக்யலட்சுமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு அவளைத் திணற அடித்தான். அவன் அம்மா தவமலருக்கு ஐம்பத்துநாலு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிற முகம். கூடத்தில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கட வீடும் இப்பிடித்தான் இருந்தது. முற்றத்தில ஒரு கிணறு மட்டும்தான் இஞ்ச குறை" என்றார். பாக்யலட்சுமி பிள்ளைச்சாவடியிலிருந்து வரவழைத்த வஞ்சிரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். லண்டனில் மீன் ஐஸில்தான் கிடைக்கும் என்றார் தவமலர். வெளியே ரோட்டோரம் நெல் அறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்தை எங்கே வைப்பது என்கிற பேச்சு வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

"அண்ணை என்ன வேலையில இருந்தனீங்கள்?" என்று தவமலர் சாதாரணமாகக் கேட்டார். "பிள்ளை சொன்னவா, கவுண்மெண்ட் எண்டு."

அனிதா தட்டுடன் வாசற்படியில் நின்றாள். சுப்பராயலு அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"மிலிட்டரிங்க. எண்பத்தேழுல உங்க ஊருக்கு வந்திருந்தேன்."

துவாரகன் அனிதாவைத் திரும்பிப் பார்த்தான். பாக்யலட்சுமிக்கு முழுக்கதை புரியவில்லை. கணவர் எதையோ உடைத்துவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. தவமலர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க நிண்டனீங்கள்?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார். தவமலர் அது தன் ஊர் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அங்க என்ன செய்தனீங்கள்?" என்றார்.

"வயர்லெஸ். அப்பறம்... சனங்கள வெளிய வரச் சொல்லி மைக்குல கூப்புட்டது நான்தாங்க. என்னை நம்பி வந்தாங்க. வர்ற வழியில கொஞ்சம் பேரு செத்துட்டாங்க."

"அப்பா" என்றாள் அனிதா.

தவமலர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஆமிக்காரர் இப்பிடிக் கூப்பிட்டவை" என்றார் மெதுவாக. "எங்கட ஒழுங்கைத் தெருவிலயும் ஒருத்தர் தமிழில கூப்பிட்டவர். எனக்குப் பதினாறு வயசு. அம்மா போகாதை எண்டவா. எங்கட தமிழ் கதைக்கிறான், கேட்டுக்கொண்டு வாறன் எண்டு அண்ணா வெளியில போனவர். அவ்வளவுதான். கூப்பிட்ட ஆளை நான் காணேல்லை. குரலை மட்டும்தான் கேட்டனான்." சுப்பராயலுவை நேராகப் பார்த்தார். "அண்டைக்கு என்ன சொன்னனீங்களோ அதை ஒருக்காச் சொல்லுங்கோ."

"அம்மா, வேண்டாம்" என்றான் துவாரகன்.

"நீ பேசாமல் இரு. சொல்லுங்கோ அண்ணை."

சுப்பராயலு சொன்னார். பயப்படாதீங்க, எல்லாரும் வெளிய வாங்க, ஒண்ணும் ஆவாது. மிஷின் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

"இப்பிடி இல்லை. மைக்கில சொன்ன மாதிரி."

அவர் எழுந்தார். கைகள் தாமாகவே தொடையோடு ஒட்டிக்கொண்டன. பயப்படாதீங்க என்று கூடம் அதிரச் சொன்னார். நானும் தமிழ்தான், பாண்டிச்சேரிப் பக்கம், என்னை நம்பி வாங்க, கொழந்தைங்கள தூக்கிகினு வாங்க. தவமலர் கண்களை இறுக்க மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சுப்பராயலு முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். நிறுத்தச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. எதிர்வீட்டில் இருந்து யாரோ வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை சொல்லும்போது அனிதா வந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தவமலர் கண்ணைத் திறந்தபோது அது வறண்டிருந்தது. "இவ்வளவு வருஷமும் அந்தக் குரல் என்ர காதிலயே நிண்டது" என்றார். "எங்க கேட்டாலும் பிடிச்சிடுவன் எண்டு நினைச்சிருந்தன். இப்ப நீங்கள் சொல்லச் சொல்ல, எது அண்டைக்குக் கேட்ட குரல், எது உங்கட குரல் எண்டு தெரியேல்லை. அண்ணாவைப் பற்றி என்னட்டை மிச்சம் இருந்ததும் அதுதான்."

எழுந்து வாசலுக்குப் போனார். துவாரகன் பின்னால் போகப் பார்த்தபோது திரும்பாமலேயே வேண்டாம் என்று கையசைத்தார். ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லுக்கு இப்பால் வெயிலில் நின்றார். கார் டிரைவர் வண்டியை எடுக்கட்டுமா என்பதைப்போல வீட்டைப் பார்த்தான். உள்ளே பாக்யலட்சுமி கணவரின் முகத்தை, கல்யாணத்தன்று பார்த்ததைப்போல, யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனிதாதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தவமலருக்குப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்றாள். தவமலர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நெல்லைப் பார்த்தபடியே, ஒரு கையை நீட்டி அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.