சூடு வராத பட்டை

நாலு மாதமாக வலித்த மேரிராணியின் வலது தோள் ஒரு வாரமாக வலிக்கவில்லை. மரத்துக் கிடந்தது. புதியம்புத்தூர் தையல் கம்பெனியில் இடைவிடாமல் நைட்டி தைத்தால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள். காலையில் விரலில் ஊசி ஏறியதுகூட, துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதிர்ந்துகொண்டே சூடும் கொடுக்குமாம், தோளில் மாட்டும் மசாஜ் பட்டை. மரப்பு விடட்டும் என்று ஆன்லைனில் வாங்கியது. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அது தோளில் கிடந்து உறுமியது. சூடு மட்டும் வரவே இல்லை.

"ஏமாத்திட்டானுவ. திருப்பி அனுப்பப் போறேன்," என்றாள், பக்கத்து மெஷின் அஞ்சலினிடம்.

"இங்கன கழத்திக் குடு, பாப்போம்."

பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே கொடுத்தாள்.

தொட்டதுமே அஞ்சலின் பட்டையைக் கீழே போட்டுவிட்டு விரல்களை ஊதினாள். பிறகு மேரிராணியின் சுடிதார் கழுத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாள். தோள் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது.

"ஏட்டி, இங்கன தொடுதேனே, எரியலையா?"

அவள் விரல் எங்கே இருக்கிறது என்றே மேரிராணிக்குத் தெரியவில்லை.