டப்பா மாவு சீஸ்கேக்

ஆர்டிஸுக்கு ஷெல்பியைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அவள் சிரித்தால் கூரை அதிர்கிறதாம். டெக்ஸாஸிலிருந்து வந்து இறங்கிய கையோடு மினசோட்டாக் குளிரைப் பற்றி எங்களிடமே புலம்புகிறாளாம். ஞாயிறு ஆராதனைக்கு மாடு மேய்க்கிறவன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வருகிறாளாம். அதெல்லாம் சும்மா. உண்மையான காரணம் கோரீன்.

கோரீனும் ஆர்டிஸும் கல்யாணமான புதிதிலிருந்து எங்கள் ஊர் லுத்தரன் சர்ச்சின் நிலவறைச் சமையலறையைக் கட்டி ஆண்டவர்கள். சாவு வீட்டுக் காபி, ஞானஸ்நானத்துக் காபி, சும்மாக் காபி எல்லாம் கோரீன் கைப்பக்குவம். ஆப்பிள் பை மட்டும் ஆர்டிஸுடையது. மாவைத் தானே பிசைந்து, தானே தேய்த்து, விளிம்பைத் தானே விரலால் மடித்துச் சுடுவாள். விருந்து நாட்களில் கூட்டம் படியிறங்கி வருவதற்கு முன்பே கோரீன் அதில் ஒரு துண்டை வெட்டித் துணி போட்டு மூடி அலமாரிக்கு மேலே பதுக்கிவிடுவாள். எல்லாரும் போன பிறகு இருவரும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆளுக்கொரு கரண்டியுடன் அந்த ஒரே துண்டைப் பங்கு போட்டுத் தின்றபடி ஊர் வம்பைப் பேசுவார்கள்.

ஆர்டிஸுக்குப் புருஷன் உண்டு, கட்டிக்கொடுத்த பிள்ளைகள் உண்டு. ஆனால் மனசில் உள்ளதைக் கொட்ட அந்த ஒரு துண்டு தீரும் நேரம்தான் இருந்தது. வேறு யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

அதில்தான் ஷெல்பி வந்து விழுந்தாள். காற்றாலை மாட்டும் வேலைக்கு வந்தவனின் மனைவி. அவன் வாரம் முழுக்க வெளியூரில் கிடப்பான். இவள் வாடகை வீட்டில் தனியாகக் கிடப்பாள். வசந்தகாலத்து விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவர வேண்டும் என்று சொன்னதும் ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தாள். அடியில் மாவு, நடுவில் கெட்டியாகக் கிரீம் சீஸ், மேலே மறுபடியும் மாவு. அதற்கும் மேலே வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்ந்து பொரிந்து பொன்னாக நின்றது. வாசனை படிக்கட்டு வரை வந்தது.

எங்கள் ஊரில் யாரும் கடைசித் துண்டை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அசிங்கம். ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் மிச்சத்தைப் பாதியாக்குவார். கடைசியில் எறும்புக்கு மட்டும் காணும் அளவில் ஒன்று கிடக்கும், ஆனாலும் கிடக்கும். ஷெல்பியின் தட்டில் அதுகூடக் கிடக்கவில்லை. பாஸ்டர் விரலால் வழித்தார் என்று ஒரு பேச்சு. அன்றைக்கு ஆர்டிஸின் ஆப்பிள் பை கால்வாசி மீந்துபோனது.

வீட்டுக்குப் போகும் வழியில் புருஷன் வெர்னிடம் கேட்டாள்.

"அந்த டெக்ஸாஸ்காரி கொண்டு வந்ததைத் தின்னீங்களா?"

"தின்னேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"மோசம்னு சொல்ல முடியாது."

எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. ஆர்டிஸுக்கு வயிறு எரிந்தது.

"எத்தனை தின்னீங்க?"

"ரெண்டு." வெர்ன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினான். "மூணுன்னு வச்சுக்கோயேன்."

"மூணா! என் ஆப்பிள் பை?"

"அதான் வீட்டுக்குத் திரும்பி வருதே. ராத்திரிக்குத் தின்னுட்டாப் போச்சு."

புருஷன் தின்றதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். கோரீனை மன்னிக்க முடியவில்லை. கோரீன் வாயைத் திறந்தால் ஷெல்பி. ஷெல்பிக்குக் கனமான கோட்டு இல்லை, நான்தான் ஒண்ணு குடுத்தேன். ஷெல்பிக்குப் பனியில வண்டி ஓட்டத் தெரியாது, நான்தான் கத்துக் குடுக்கப்போறேன். பாத்திரம் கழுவும் இடத்தில் இப்போது மூன்றாவதாக ஒருத்தி நின்றாள். துடைத்த தட்டை எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் கேட்டுக்கேட்டு வைத்தாள். அவள் முன்னால் ஆர்டிஸுக்கு மனசு திறக்கவில்லை. பங்கு போடும் துண்டில் மூன்றாவது கரண்டியும் இறங்கியது.

இலை பழுக்கத் தொடங்கிய நேரத்தில் ஷெல்பியே ஒருநாள் போன் பண்ணினாள்.

"மேடம், நாளைக்கு எங்க வீட்டுக்கு வர்றீங்களா? சீஸ்கேக் போடப்போறேன். கூட இருந்தீங்கன்னா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

மேடமாம், மேடம். ஆர்டிஸ் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த மாவின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அடுக்கடுக்காக, வெண்ணெய் வழிய, அப்படி ஒரு மாவு அவள் கைக்கே ஒருநாளும் வந்ததில்லை. போனாள்.

சமையல் மேடையில் துளி மாவு சிந்தியிருக்கவில்லை. உருட்டுக்கட்டையைக் காணோம். ஆர்டிஸ் கண்ணால் துழாவிக்கொண்டே கோட்டைக் கழற்றினாள். ஷெல்பி ஃபிரிஜ்ஜைத் திறந்து, கடையில் விற்கிற ரெடிமேட் மாவு டப்பா இரண்டை எடுத்தாள். காகிதத்தை உரித்து, டப்பாவை மேடை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். படாரென்று வெடித்து மாவு பிதுங்கியது. ஆர்டிஸ் துள்ளிவிட்டாள்.

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் திக்குங்குது மேடம்!" என்று ஷெல்பி சிரித்தாள். கூரை அதிர்ந்தது.

மாவை விரித்துத் தட்டின் அடியில் பரப்பி, கிழிசல்களை விரலால் கிள்ளி ஒட்டினாள். கிரீம் சீஸையும் சர்க்கரையையும் வெனிலாவையும் போட்டு அடித்து அதன்மேல் வழித்து ஊற்றினாள். இரண்டாவது டப்பாவைத் தட்டி, அந்த மாவைப் போர்வை போல மேலே இழுத்து மூடினாள். உருக்கிய வெண்ணெய், அதன்மேல் பட்டைச் சர்க்கரை. தட்டு ஓவனுக்குள் போய்விட்டது. ஆர்டிஸ் கொண்டுவந்த கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம்." ஷெல்பியின் முகம் சிவந்தது. "எனக்கு வேற எதுவும் செய்ய வராது. முட்டை பொரிச்சாக்கூடக் கருகிடும். இந்த ஊருக்கு வந்த புதுசுல யாருக்கும் என் பேரு தெரியாது. 'அந்தக் காத்தாலைக்காரன் பொண்டாட்டி'ன்னுவாங்க. இந்தத் தட்டைக் கொண்டு வந்த பிறகுதான் ஷெல்பின்னு கூப்பிடுறாங்க. எல்லாரும் நான் கையால மாவு பிசையிறேன்னு நெனச்சுட்டாங்க. இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்."

"ச்சே ச்சே, நான் எதுக்குச் சொல்லப்போறேன்."

சொன்னாளே தவிர, ஆர்டிஸுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இந்த டப்பாவிடமா இத்தனை நாள் தோற்றோம்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். விஷயத்தை அவள் வெளியே விடவில்லை. கோரீனிடம்கூட விடவில்லை. கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிற நிம்மதியே போதுமாக இருந்தது.

அடுத்த விருந்து வரைதான் அந்த நிம்மதி. ஆராதனை முடியுமுன்பே காபியைப் பார்க்கக் கீழே இறங்கிவந்த ஆர்டிஸ், பழக்கத்தில் அலமாரி மேலே கையை விட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். துணிக்கடியில் ஆப்பிள் பை இல்லை. பட்டைச் சர்க்கரை மினுமினுக்க ஒரு சீஸ்கேக் துண்டு உட்கார்ந்திருந்தது. நல்ல மூலைத்துண்டு.

துணியைத் திரும்ப மூடினாள். இத்தனை வருஷத்தில் கோரீன் ஒருநாளும் மறந்ததில்லை. மறந்திருந்தால் பரவாயில்லை. இது மறதி இல்லை. வேண்டுமென்று வேறொன்றை எடுத்து வைத்திருக்கிறாள்.

கூட்டம் இறங்கி வந்தது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற மியூரியல், ஷெல்பியின் தட்டுக்கு முன்னால் நின்று நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"அடேங்கப்பா, எத்தனை அடுக்கு! இதை எத்தனை தடவை மடிச்சுத் தேய்ப்பே ஷெல்பி? கை விட்டுப் போகாதா உனக்கு?"

ஷெல்பி பதில் சொல்லத் தயங்கினாள். ஆர்டிஸ் தயங்கவில்லை.

"அவளுக்கு எதுக்குக் கை வலிக்கப்போகுது? மேடை விளிம்புல ஒரு தட்டுத் தட்டுனா மாவு தானா வந்து விழுது. டப்பா மாவு மியூரியல், டப்பா மாவு! கடையில விக்கிறது. என் கண்ணால பாத்துட்டு வந்தேன்."

ஆர்டிஸ் காத்திருந்தாள். முகங்கள் சுளிக்கும், தட்டு அப்படியே நிற்கும், கோரீன் தலையில் அடித்துக்கொண்டு தன் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தாள்.

"டப்பா மாவா?" என்றாள் மியூரியல். "நிஜமாவா? அட, அப்ப நானும் போடலாமே!"

"எந்த டப்பா? நீலமா, பச்சையா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கிரீம் சீஸ் எவ்வளவு போடுவே?"

"ஓவன்ல எவ்வளவு நேரம்?"

ஈ மொய்த்த மாதிரி ஷெல்பியை மொய்த்துவிட்டார்கள். அவள் ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சிரிக்கவும் சிரித்தாள், ஆனால் கூரை அதிரவில்லை. ஆர்டிஸ் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. கோரீன் காபிக் கெண்டியைக் கையில் பிடித்தபடி ஆர்டிஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவாமலே போய்விட்டாள்.

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை விருந்து. எங்கள் ஊர்க் கடையில் அந்த வாரம் டப்பா மாவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இனிப்பு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டைச் சர்க்கரைச் சீஸ்கேக்தான். ஒருத்தி அதில் பூசணியைக் கலந்திருந்தாள். இன்னொருத்தி புளூபெர்ரியை இறைத்திருந்தாள். மியூரியல் தேங்காய்ப்பூ தூவிப் புரட்சியே பண்ணியிருந்தாள். எல்லாரும் தட்டு தட்டாகப் பார்த்து மலைத்துவிட்டு, அவை நடுவே தனியாக உட்கார்ந்திருந்த ஆப்பிள் பை மேல் பாய்ந்தார்கள். வெர்னுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

"ஆர்டிஸ், ஆயிரம் சொல்லு, உன் கை உன் கைதான்" என்றார் பாஸ்டர்.

பல மாதமாகக் கேட்கத் தவித்த வார்த்தை. ஆர்டிஸ் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பைக் கோரீனிடம் காட்டிக்கொள்ளச் சமையலறைக்குள் போனாள். கோரீன் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் துணியும் இல்லை, துண்டும் இல்லை.

"எங்கடி கெளம்பிட்டே? மலை மாதிரி பாத்திரம் கெடக்குது."

"ஷெல்பி வரலை. போய்ப் பாக்கணும்."

அப்போதுதான் ஆர்டிஸுக்கு அது உறைத்தது. அவ்வளவு சீஸ்கேக்குக்கும் நடுவில் ஷெல்பியின் தட்டு இல்லை.

"உடம்புக்கு முடியலையோ என்னவோ."

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. இனிமே எதைக் கொண்டு வர்றதுன்னு தெரியலையாம். போன்ல அழுவுறா."

"இதுக்குப் போயி அழுவாங்களா? ஊரையே ஏமாத்தினா. உன்னையும் சேத்துத்தான் ஏமாத்தினா."

"என்னை எதுக்கு ஏமாத்தணும்?" கோரீன் குரலை உயர்த்தவில்லை. "வந்த முதல் வாரமே என்கிட்ட சொல்லிட்டா. முதல் டப்பாவைத் தட்டுனதே என் வீட்டு மேடையில."

ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் மறைத்திருக்கிறாள்.

"என்கிட்ட நீ ஏன் சொல்லலை?"

"அது அவ ரகசியம், அவதான் சொல்லணும். உன்னைக் கூப்பிடச் சொன்னதே நான்தான்டி. உன்னைக் கண்டாலே அவளுக்குப் பயம். 'ஆர்டிஸ் மேடத்துக்கு என்னைப் புடிக்கலை'ன்னு எத்தனை நாள் பொலம்புனா தெரியுமா? நான்தான் சொன்னேன். வீட்டுக்குக் கூப்பிடு, பக்கத்துல நிக்க வச்சு சமை, மனசுல இருக்கிறதைச் சொல்லு. என் வண்டவாளம் பூராவும் ஆர்டிஸ்கிட்டதான் இருக்குது, இதுவரைக்கும் ஒரு சொல் வெளிய போனதில்லை, இந்த ஊர்லயே நம்பி வாயைத் தொறக்கலாம்னா அது ஆர்டிஸ்கிட்டதான்னு சொன்னேன்."

ஆர்டிஸ் ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்தாள்.

"நானும் வரேன்" என்றாள். "நேர்ல சொல்லிடுறேன் அவகிட்ட."

"இன்னைக்கு வேணாம் ஆர்டிஸ்."

வாடி போடி என்று சேர்க்காமல் கோரீன் அவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்தச் சமையலறையில் அதுதான் முதல் தடவை. அவள் படியேறிப் போய்விட்டாள்.

நிலவறை ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் ஆட்களின் கால்கள்தான் தெரியும். கோரீனின் ஷூ சருகை மிதித்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனது. இந்த வயசில், அந்த முழங்கால் வலியோடு. ஆர்டிஸுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லிவிட முடியாது. செய்தது கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் கண் அந்தக் கால்களை விட்டு அகலவில்லை. இத்தனை வருஷத்தில் கோரீன் தனக்காக இப்படி ஒருநாளாவது ஓடியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தாள். ஒருநாளும் இல்லை. அங்கே வாடகை வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், அந்த அழுகையின் மேலும் ஆர்டிஸுக்குப் பொறாமையாக இருந்தது.