சலவைக்கடை மாடியில் முடிச்சுகள்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் கரண்ட் அக்கா. சோலார் தகடு மாட்டுவதில் கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயருக்கு அடியில் மூன்று வருஷமாக ஒரு தப்பு ஒளிந்திருந்தது. சலவைக்கடை மாடியில் வேலை முடிகிற நாளன்று, ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையில், வெயில் தாங்குகிற கறுப்பு கேபிள் டை தீர்ந்துபோனது. கடைசி வரிசை ஒயர்களை மட்டும், வீட்டுக்குள் கட்டுகிற வெள்ளை டையால் கட்டிவிட்டு இறங்கினாள். நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

வெள்ளை டை வெயிலில் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். ஒயர் தொங்கும். காற்றில் ஆடி, தகரத்தில் உரசி உரசித் தோல் போய், ஒருநாள் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால்தான் சலவைக்கடையைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை வேகமாக ஓட்டினாள்.

கடைசியில் மனசு கேட்கவில்லை. ஒருநாள் காலையில் கணவனின் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

தகரக்கூரைக்கும் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். கொழுந்தன் குப்புறப் படுத்து டார்ச் அடித்தான்.

"அண்ணி, ஒரு ஒயர்கூடத் தொங்கல."

"வெள்ளை டை அப்படியேவா இருக்கு?"

"டையே இல்ல. துணியால கட்டியிருக்கு."

அவளும் படுத்துப் பார்த்தாள். நொறுங்கிய வெள்ளைத் துண்டுகள் கீழே சிதறிக் கிடந்தன. ஒயர்கள் எல்லாம் மெல்லிய துணிக்கீற்றுகளால், சொல்லிவைத்த மாதிரி ஒரே இடைவெளியில், இறுக்காமல் தொய்யாமல் கட்டப்பட்டிருந்தன. அவளே அத்தனை நேர்த்தியாகக் கட்டியதில்லை.

ஓரத்தில் என்றால் யாராவது கைவிட்டுக் கட்டியிருக்கலாம். நடுவில் தகட்டைக் கழற்றாமல் எந்தக் கையும் எட்டாது. போல்ட்டுகளிலோ துரு அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. முடிச்சுகள் எல்லாம் கீழ்நோக்கி இருந்தன. அந்த ஒரு சாண் இடுக்கில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் போட்ட முடிச்சுகள்.

"எலியா இருக்குமோ அண்ணி?"

"எலி முடிச்சுப் போடுமா? மூஞ்சியப் பாரு. போய் ஸ்பேனர் செட்டை எடுத்துட்டு வா."

அவன் இறங்கிப் போனான். அவள் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் துணிக்கீற்றை அறுத்தாள். ஒயர் விழவேண்டும். விழவில்லை. இருந்த இடத்திலேயே நின்றது. அவள் கறுப்பு டையைச் சுற்றி இழுத்தாள். டையின் பல் கடித்துக்கொண்டதும், பிடித்திருந்த கை விட்டதுபோல ஒயர் மெல்லத் தளர்ந்து டையில் உட்கார்ந்தது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான்காவதை அறுத்துவிட்டு, வேண்டுமென்றே டை போடாமல் காத்திருந்தாள். ஒயரும் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அது லேசாக நடுங்கத் தொடங்கியது, தூக்கிப் பிடித்த கை வலிக்கிற மாதிரி. அவள் பதறிப்போய் டையை மாட்டினாள்.

"போதும், விட்டுடு," என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரிடம் சொன்னோம் என்று நினைத்ததும் சட்டென்று கையை இடுக்கிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டாள்.

கொழுந்தன் வந்த பிறகு, அறுத்த ஒயர்கள் எல்லா ஒயர்களையும் போலவே விழுந்தன. தகடுகளைக் கழற்றி, எல்லாவற்றையும் கறுப்பு டையால் கட்டி முடிக்க மத்தியானம் ஆனது. அவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. துணிக்கீற்றுகளை ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுவந்து, மேலே ஒயர்களைக் கட்டியிருந்தவை இவைதான் என்று கடைக்காரரிடம் காட்டினாள்.

கடைக்காரர் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

"இது டீச்சரம்மா புடவை. போன மாசம் காணாமப் போச்சு." இன்னொன்றை எடுத்தார். கட்டம் போட்ட சட்டைத்துணி. அவர் குரல் இறங்கிவிட்டது. "இந்தச் சட்டைக்காகத்தாம்மா ரெண்டு வருஷம் முன்னாடி இஸ்திரிக்காரம்மாவைத் திருடின்னு சொல்லி வெளிய அனுப்பினேன்."

கரண்ட் அக்கா அதற்குமேல் மறைக்கவில்லை. "வெள்ளை டை போட்டது நான்தாண்ணே. அது அறுந்ததாலதான் இதெல்லாம்."

அவர் திட்டவில்லை. "நான் பண்ணினதுக்கு முன்னாடி அது என்ன பெரிய தப்பு," என்றார்.

அன்று சாயங்காலமே இருவரும் இஸ்திரிக்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை. அந்த அம்மா அவர்களை உட்காரச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, கட்டம்போட்ட கீற்றை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"மேல யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன். இஸ்திரிப்பெட்டிச் சூடு மண்டைல ஏறிடுச்சுன்னு சிரிச்சீங்க."

"தப்புதாம்மா. திரும்ப வேலைக்கு வந்துடுங்க."

"திருடின்னு சொன்ன வாயால, இல்லன்னு அதே தெருவுல சொல்லுங்க. அது போதும். கடைக்கு மட்டும் வரமாட்டேன்."

"இன்னும் கோவமா?"

"கோவமில்ல. இத்தனை நாளா அதுக்கு அங்க ஒரு வேலை இருந்துச்சு. இன்னிக்கு அதைப் பிடுங்கிட்டீங்க. இனிமே அது சும்மாவா இருக்கும்?"

மறுநாள் கடைக்காரர் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அந்த அம்மா திருடவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒரு துணிகூடக் காணாமல் போகவில்லை.

ஆனால் மத்தியானம் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டு வந்தால், கொடியில் காய்கிற சட்டைகளின் கைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கின்றன. இறுக்காமல், தொய்யாமல். அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் வருவதற்குள் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்.