திரும்பிய கோணம்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜெர்மனியில் சோதனை நடத்திய குழுவிடமிருந்து போன் வரும். அதற்குள் கணக்கு ஒத்துவராவிட்டால், ஜான்சி வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டு மாரடித்த அணுக்கரு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

"பிடிவாதம் வாணாம்மா. அவுங்களே பாத்துக்கட்டும். உனக்கு வேற தலைப்பு தர்றேன்" என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி சுப்பராயலு.

ஜான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செம்மண்டலத்திலிருந்து தினமும் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் இடிபட்டு வந்தது வேறு தலைப்புக்காகவா?

விஷயம் இதுதான். அந்த அபூர்வ அணுக்கரு கண்மூடித் திறப்பதற்குள் சிதைந்துவிடும். நிறுத்திவைத்து ஆராய முடியாது. அதனால் அதையே வேகமாக ஓடவிட்டு, டியூட்ரான்கள் நிறைந்த மெல்லிய தகட்டில் மோதவிடுவார்கள். டியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த ஜோடி. மோதலில் அணுக்கரு நியூட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். தனித்துப்போன புரோட்டான் எந்தக் கோணத்தில் பறக்கிறது என்று பார்த்தால், நியூட்ரான் உள்ளே எந்த அறைக்குக் குடிபோனது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு அறைக்கும் வரைபடத்தில் ஒரு கோடு உண்டு; ஜான்சி குறித்த கோணப் புள்ளிகளோ எந்தக் கோட்டிலும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கரண்ட் போனது. பக்கத்தில் நெய்வேலியை வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் விசிறி நிற்கிறது; 2011இல் இதை யாரிடம் போய்ச் சொல்ல? கம்ப்யூட்டர் அணைந்த எரிச்சலில் ஒரு புள்ளியைக் கையாலேயே கணக்குப் போட்டாள். புரோகிராம் பின்கோணத்தில் வைத்த புள்ளி, கைக்கணக்கில் முன்கோணத்தில் வந்து நின்றது.

"சார், நம்ம படம் தலகீழா இருக்குது சார்!"

புரோகிராம் சுப்பராயலு வாலிபத்தில் எழுதியது. அந்தக் காலச் சோதனையில் டியூட்ரான் ஓடிவரும், அணுக்கரு நிற்கும். இங்கே ஓடுவது அணுக்கரு. கோணத்தைத் திருப்ப வேண்டும், யாரும் திருப்பவில்லை.

"அட, நான் எழுதுனதுலயா?" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கரண்ட் வந்ததும் திருப்பினாள். புள்ளிகள் கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தன. அதுவும் பாடப்புத்தகம் சொன்ன கோட்டில் இல்லை. மேலே இருக்க வேண்டிய அறை, இந்த அணுக்கருவில் எல்லாவற்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

போன் அடித்தது. சுப்பராயலு ரிசீவரை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா. தப்பு என்னுதுன்னும் சேத்தே சொல்லு."

சொன்னாள். படத்தையும் அனுப்பினாள். அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாகச் சரிபார்த்தார்கள். பிறகு குழுத் தலைவர், கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதாக இருக்கட்டும் என்றார்.

ரிசீவரை வைத்த ஜான்சி ஆய்வுக்கூடம் அதிர ஒரு கூச்சல் போட்டாள். அவளைவிடப் பெரிதாகக் கத்தியவர் சுப்பராயலுதான்.