வாய் தவறி வந்த பரவாயில்லை

கேக் மேல் எழுதச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் மன்னிப்புக் கேட்கிற கணவன்மார்கள்தான் என்பது பேக்கரியில் கேக் மேல் எழுதும் கிரீம் அக்காவின் கணிப்பு. பிறந்த நாளுக்கு வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். சண்டைக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"'மன்னிச்சிடு செல்லம்'னு எழுதுங்கக்கா. எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

"தப்பு அவ்வளவு பெருசா?" என்று கேட்டுக்கொண்டே கிரீம் பையை எடுப்பாள். புள்ளி வைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். புள்ளி எழுத்தின் தலையில் சரியாக உட்கார்ந்துவிட்டால், அந்தக் கேக்கைப் பார்த்து எந்த மனைவியும் பாதிக் கோபத்தையாவது விட்டுவிடுவாள் என்பது அவள் நம்பிக்கை.

இப்போது அந்தப் புள்ளிதான் அவளை ஏமாற்றுகிறது. உடைந்த மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பையை அழுத்தினால் கை நடுங்குகிறது. 'ன்' மேல் உட்கார வேண்டிய புள்ளி பக்கத்து எழுத்தின் மடியில் போய் விழுகிறது. பேக்கரி முதலாளி திட்டவில்லை. "கொஞ்ச நாள் கல்லாவுல உக்காரும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மணிக்கட்டை உடைத்தவனை எல்லாரும் ராக்கெட் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டல் சாப்பாட்டை ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. நெரிசலைத் தாண்ட ஒரு காலையில் நடைபாதையில் வண்டியை ஏற்றினான். வேலைக்கு வந்துகொண்டிருந்த அவளை இடித்துத் தள்ளினான். நிறுத்தினான், இறங்கி வந்தான், குனிந்து பார்த்தான். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

உடைந்த கையை மறு கையில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவள் தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அன்றிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. சுற்றுவழியில்தான் வேலைக்குப் போகிறாள்.

கடைக் கேமராவில் அவன் சிக்கியதும் போலீஸ் அதிகாரி இரண்டு வழி சொன்னார். நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். இல்லை, நடுவர் ஒருவரை வைத்து முதலில் நேருக்கு நேர் பேசலாம். அவளுக்குத் திருப்தி என்றால் வழக்கு அத்தோடு முடியும். இல்லையென்றால் கோர்ட் எங்கேயும் ஓடிவிடாது.

"பேச என்ன இருக்கு?" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் அறுந்து விழுந்தா கயிறுகிட்ட பேச்சுவார்த்தையா நடத்துவாங்க?"

"கயிறு குனிஞ்சு பாத்துட்டுப் போகாதுங்க. இவன் பாத்துட்டுப் போனான். ஏன் போனான்னு எனக்குத் தெரியணும். கோர்ட்ல வண்டி என்ன வேகம்னு கேப்பாங்க. இதை யார் கேப்பாங்க?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே நல்ல சட்டையைத் தேடி எடுத்தார்.

நூலகத்தின் மாடியில் ஓர் அறை. மேஜை இல்லை, வட்டமாக நாற்காலிகள் மட்டும். கீழே குழந்தைகளுக்கு யாரோ கதை படித்துக்கொண்டிருந்தார்கள். கதையில் சிங்கம் வரும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. நடுவராக வந்த அம்மாள் கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நாயும் பூனையும் ஒரே பெஞ்சுல காத்திருக்கிற இடத்துல வேலை பாக்கிறேன். அதனால யாரும் பயப்பட வேணாம்" என்றார். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

எதிரே ராக்கெட். பெயருக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனை வளர்த்த அக்கா. நேரே வேலையிலிருந்து வந்திருந்தாள். சலவைக் கடைச் சோப்பு வாசனை அவள் மீது வீசியது.

"நீயே சொல்லுப்பா" என்றார் நடுவர்.

அவன் எழுந்து நின்றான். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்."

சாப்பாடு தாமதமானால் அவன் கம்பெனியிலிருந்து போனுக்கு வருகிற அதே வாசகம். ஆனால் கடைசிச் சொல்லில் அவன் குரல் உடைந்தது. அவன் அக்கா புடவை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கிரீம் அக்காவின் வாய், அவளைக் கேட்காமலேயே, திறந்தது.

"பரவாயில்லைப்பா."

அறையே மூச்சு விட்டது. "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அவன் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நடுவர் மட்டும் கிரீம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வரலாமே" என்றார்.

வராந்தாவில் கணவர் காகிதக் கோப்பையை அவளது இடது கையில் கொடுத்தார். வலது கையில் சூடானதைக் கொடுப்பதை அவர் நிறுத்தி நாளாகிவிட்டது.

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"வந்துடுச்சுங்க. வாய்க்குள்ளேயே காத்துக்கிட்டு இருந்திருக்கு."

"எனக்குத் தெரியாதா? கல்யாண நாளை மறந்தேன், பரவாயில்லைன்னே. எங்கம்மா உன் சமையலைப் பத்தி நாலு பேர் முன்னாடி சொன்னாங்க, பரவாயில்லைன்னே. உன்கூட குடும்பம் நடத்துறது பட்டனெல்லாம் ஒரே மாதிரி எரியுற லிஃப்ட் மாதிரி. எந்த மாடியில நிக்குதுன்னே தெரியலை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது. இந்த மனிதர் இத்தனை வருஷமாக மாடியைத் தேடிக்கொண்டா இருந்தார்?

"பரவாயில்லைக்கு எதிர்ச்சொல் என்னங்க?"

"எனக்கென்ன தெரியும்? பரவாயிருக்கா?"

கோப்பையை அவரிடமே கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கலாமாம்மா?" என்று நடுவரிடம் கேட்டாள்.

"தாராளமா. அதுக்குத்தானே இந்த நாற்காலியெல்லாம்."

ராக்கெட்டின் அக்காவுக்கு முகம் வெளுத்தது. கிரீம் அக்கா அவளைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள். அவளைப் பார்த்தால் மறுபடி அந்தச் சொல் வந்துவிடும்.

"தம்பி, பரவாயில்லைன்னு சொன்னது வாய்ப்பழக்கம். பரவாயிருக்கு. நிறையவே இருக்கு. என் கை புள்ளி வைக்க மாட்டேங்குது. அந்தத் தெருவுல என்னால நடக்க முடியலை. இடிச்சதைக்கூட விடு. குனிஞ்சு என் முகத்தைப் பாத்தியே, அப்புறம் எப்படிப்பா போன?"

கீழே சிங்கம் வந்து போயிற்று.

"நீங்கதான் சொன்னீங்க" என்றான்.

"என்ன சொன்னேன்?"

"பரவாயில்லைன்னு. நான் குனிஞ்சப்போ கண்ணை மூடிக்கிட்டே 'பரவாயில்லை, பரவாயில்லை'ன்னு சொன்னீங்க."

லிஃப்ட் மெக்கானிக் எழுந்துவிட்டார். "பழியை இப்போ இவ மேல போடுறியா?"

"இல்லைங்கண்ணா!" அவன் குரல் அவர் குரலை மிஞ்சியது. மனப்பாடம் செய்த தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "கை கோணலாக் கிடந்துச்சு. அது பரவாயில்லாத கைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இன்னொரு வாட்டி போலீஸ்ல மாட்டினா வேலை போயிடும்னு பயம். அவங்க அப்படிச் சொன்னதும் அதைப் பிடிச்சுக்கிட்டேன். தெரிஞ்சேதான் பிடிச்சுக்கிட்டேன். தினமும் எனக்கு நானே சொல்லிப் பாக்குறேன், அவங்களே சொன்னாங்கன்னு. தூக்கம்தான் வரலை."

அவன் அக்கா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். "இதை ஏன்டா என்கிட்டகூடச் சொல்லலை?"

கிரீம் அக்காவுக்கு அன்று விழுந்து கிடந்த நடைபாதையின் மண் வாசனை திரும்பி வந்தது. ஆமாம். சொல்லியிருக்கிறாள். எலும்பு உடைந்து கிடந்தபோதும் எதிராளிக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். கோபம் போகவில்லை, ஆனால் கேள்வி போய்விட்டது. அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அந்தக் கேள்விதான்.

"உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று நடுவர் கேட்டார்.

அவள் யோசித்தாள். கணவர் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். அதுவே அவருக்குப் பெரிய வேலை.

"கைக்குப் பயிற்சி குடுக்க வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அன்னைக்கு என்னை விட்டுட்டுப் போன இடத்துல இவன் வந்து நிக்கணும். வண்டி இல்லாம. அங்கேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் என்கூட நடந்து வரணும். அன்னைக்கே வந்திருக்க வேண்டிய நடை அது."

"எதுவரைக்கும்?"

"கை சரியாகிற வரைக்கும். போதும்னு நானே சொல்றேன். வேற யாரும் சொல்ல வேணாம்."

ராக்கெட் தலையாட்டினான். பிறகு, தலையாட்டல் போதாது என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். "வர்றேன்க்கா" என்றான்.

படியிறங்கும்போது கணவர் மெல்லக் கேட்டார். "அந்தக் கல்யாண நாளு..."

"பரவாயிருக்கு."

"சரி." அவர் ஏனோ நிம்மதியாகச் சிரித்தார். "எங்கம்மா சொன்னது?"

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

அடுத்த வாரம் அவள் அந்தத் தெருமுனையில் திரும்பியபோது கால் பின்வாங்கியது. அவன் அங்கே நின்றிருந்தான். ஹெல்மெட் இல்லாத தலை சின்னதாகத் தெரிந்தது. அவளைக் கண்டதும் நடைபாதையின் சாலை ஓரத்துக்குத் தானே நகர்ந்து, உள்பக்கத்தை அவளுக்கு விட்டான்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் உரசுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு போயிற்று. இரண்டு பேருமே துள்ளினார்கள்.

"கை வலிக்குதாக்கா?"

அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் தயாராக வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"வலிக்குது" என்றாள். "மெதுவா நட."