செத்த கிலுக்குகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் மழை விடவில்லை. சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு, கிரேன்காரரும் அவர் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து தூண்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற தம்பதிகள் இந்நேரம் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஜிக் என்கிற போலி இரை செய்வது அவருக்குக் கைவந்த வேலை. தூண்டில் முள்ளை அச்சில் வைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி, பட்டாணி அளவுக்குத் தலை வார்ப்பார். அந்தத் தலைக்குக் கீழே ரப்பர் இழைகளைப் பாவாடை போலக் கட்டுவது அவள் பங்கு. அவருடைய தடித்த விரல்களுக்கு அந்த முடிச்சு வசப்படாது. இத்தனை வருடமும் அதோடு சரி. இந்த வருடம் ஏரியைத் தூர் வாருகிறோம் என்று இயந்திரத்தை இறக்கி ஒரே கலக்காகக் கலக்கிவிட்டார்கள். மூக்குக்கு முன்னால் ஆடுகிற ஜிக் மீனுக்குத் தெரியவில்லை. மூன்று ஞாயிறு வெறுங்கையோடு திரும்பியபோது அவர் ஏரியைத் திட்டினார், மழையைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் சிரித்தாள். அவளுடைய தம்பிதான் வழி சொன்னான்.

"கண்ணு தெரியலன்னா சத்தம் குடுக்கணும் மாமா. கிலுக்கு கட்டிப் பாருங்க."

பழைய ரேடியோவின் ஏரியல் அதற்குப் பலியானது. ரேடியோவை அவர் மூடி வைத்து ஒரு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் செய்தி வாசிக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர் புகார். ஏரியல் குழாயைச் சுண்டுவிரல் நக நீளத்துக்கு அறுத்து, சைக்கிள் பெடலில் இருந்து எடுத்த மூன்று இரும்புக் குண்டுகளை உள்ளே போட்டு, இரண்டு வாயையும் பசையால் அடைக்க வேண்டும். பசை கொஞ்சம் கூடிப் போனால் உள்ளே வழிந்து குண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், கிலுக்கு செத்துவிடும். அதனால் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜிக்கில் கட்டுவது.

பசை வைத்தது அவள். ஆட்டிப் பார்த்தது அவர்.

"செத்தது," என்று ஒன்றைத் தகர டப்பாவில் போட்டார். அடுத்ததையும் போட்டார். ஒன்பதாவதையும் போட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பசைய வைக்கச் சொன்னா ரொப்பி வச்சிருக்க. ஒண்ணாச்சும் உருப்படுதா பாரு!"

அவளுக்கும் ரோஷம் வந்தது. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து ஆட்டினாள். கிலுகிலுவென்று தெளிவாகக் கேட்டது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். வாயைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்குதா?" என்றார்.

"இல்லீங்க," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவரிடம் அவள் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல முடியாது, மாமியார் இருந்தவரை நிறையச் சொல்லியிருக்கிறாள். இது அந்த ரகம் இல்லை. பாம்புக் காது என்று பேர் வாங்கியவர் அவர். பக்கத்து அறையில் அவள் பெருமூச்சு விட்டால் இங்கிருந்து என்ன என்று கேட்பார். அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

அந்த நேரம் பார்த்துத் தம்பி மழைக்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். அவனுக்கும் அவர் கிரேன் ஓட்டுகிற துறைமுகத்தில்தான் வேலை. மேலே கேபினில் மாமா, கீழே தரையில் இவன். சரக்கு தூக்கும்போது கிரேன்காரருக்குத் தரை பாதி மறைந்துவிடும். இவன் ஊதுகிற விசிலைக் கேட்டுத்தான் அவர் ஏற்றுவார், இறக்குவார், நிறுத்துவார்.

வந்தவன் டப்பாவில் கைவிட்டு ஒன்றை எடுத்து ஆட்டினான். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு..." என்று ஆரம்பித்தவன், அக்காவின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டான். அவன் ஆச்சரியப்படவே இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

"குப்பையப் போட்டுட்டு வரலாம், வா," என்று அவனைப் பின்வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மூணு மாசம் இருக்கும்க்கா. நிறுத்துன்னு ஊதறேன், அவர் பாட்டுக்கு இறக்கிட்டே இருக்காரு. நல்ல வேளை, கீழ வெறும் மரப்பெட்டிதான். அப்பளமா நொறுங்கிடுச்சு. மேலதிகாரிங்க விசாரிச்சப்ப என் மேல தப்புன்னு சொல்லிட்டேன்."

"இப்ப எப்படிடா வேல நடக்குது?"

"விசில எடுக்கறதே இல்ல. கையாலதான் காட்டறேன். அவர் கண்ணுல படற எடத்துல நின்னுக்கறேன்."

"எந்த எடம்?"

அவன் மழையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல, சொல்லு."

"சரக்குக்குக் கிட்டக்க. கிட்டத்தட்ட அடியிலன்னு வச்சுக்கோயேன். அங்க நின்னாத்தான் கேபின்லேர்ந்து தெரியும்." அவசரமாகச் சேர்த்தான். "ரிடையர் ஆக இன்னும் ரெண்டே வருஷம்க்கா, ஓட்டிடலாம். வெளிய தெரிஞ்சா அன்னிக்கே கீழ இறக்கிடுவாங்க. மாமா தாங்க மாட்டாரு."

அவளுக்குத் தம்பியை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. சற்று முன் தான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு பக்கம் நல்ல மனசோடு அவரைப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். பல டன் இரும்பு இவன் தலைக்கு மேலே தொங்குகிறது.

உள்ளே வந்தபோது அவர் ஒரு கிலுக்கைக் குறட்டால் பிளந்து வைத்திருந்தார். மூன்று குண்டுகளும் செய்தித்தாள்மேல் தனித்தனியாகக் கிடந்தன.

"பசை உள்ள போகவே இல்லம்மா," என்றார். முகத்தில் நிஜமான குழப்பம். "அப்ப ஏன் சத்தம் வரல?"

"சத்தம் வருதுங்க. எல்லாத்துலயும் வருது."

"இப்பத்தான இல்லன்ன?"

"பொய் சொன்னேன்."

அவர் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தார். வலது காதில் ஆட்டினார், இடது காதில் ஆட்டினார். வெகுநேரம் ஆட்டினார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

"வயசாகுதுல்ல. இத்தனூண்டு குண்டு போடற சத்தம் யாருக்குக் கேக்கும்? வேலைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. மாப்ள விசில் கணீர்னு கேக்குதே! நேத்துகூட மூணு தடவ ஊதினான். நான் கேட்டேன்."

தம்பி வாசலில் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் ஊதலீங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்ன சொன்ன?" அவர் தலையைச் சாய்த்து அவள் உதடுகளைப் பார்த்தார்.

அவள் எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி அதை இன்னொரு தடவை சொன்னாள்.

"அவன் விசில் ஊதி மூணு மாசமாச்சுங்க!"