நான் எழுதாத வலிப்பு

கிராமச் செவிலியராக இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறேன். மாதாமாதம் நான் எழுதிக் கொடுக்கிற தாள் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அரியலூரில் நடந்த செவிலியர் கூட்டத்தில் டாக்டர் இலக்கியா பேசியபோதுதான் தெரிந்தது.

எந்த வயதில் எந்த ஊசி என்று நாட்டுக்கே பரிந்துரைக்கிற நிபுணர் குழுவுக்கு விவரம் திரட்டித் தருகிறவர் அவர். "அந்தக் குழுவுல மருந்து கம்பெனியோட தொடர்பு இருக்கறவங்க, அந்த மருந்தைப் பத்தி முடிவெடுக்கறப்ப வெளிய போயிடணும். எவ்ளோ பெரிய டாக்டரா இருந்தாலும் 'எனக்குத் தோணுது'ன்னா எடுபடாது. ஆதாரம் வேணும். அது உங்ககிட்டேருந்துதாங்க வருது" என்றார். பிறகு என் துணை சுகாதார நிலையத்தின் தாள்களைத் தூக்கிக் காட்டினார். ஊசிக்குப் பின் பாதிப்பு: மூன்று வருடமாக 'இல்லை'. "ரொம்ப சந்தோஷம், மேகலா சிஸ்டர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

போன வருடம் விக்கிரமங்கலம் வெற்றிச்செல்வியின் மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்ட வாரம் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பிள்ளை தேறிவிட்டாள். ஊசியாலா, வேறெதனாலா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே அந்தத் தாள்! எழுதினால் அதிகாரிகளின் ஜீப் வரும், விசாரணை வரும், அப்புறம் ஒருத்தியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர மாட்டாள் என்று பயம். "பல்லு மொளைக்குதுடி, அதான்" என்று வெற்றிச்செல்வியிடம் புளுகிவிட்டு, தாளில் 'இல்லை' போட்டேன். பாவி நான்.

கூட்டம் முடிந்ததும் டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "இப்பவாவது எழுதுங்க. மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்று படிவத்தை நீட்டினார்.

நேராக விக்கிரமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். இனி அவள் என் முகத்தில் விழிப்பாளா? ஊரே ஊசி வேண்டாம் என்றுவிட்டால்? வழியெல்லாம் இதே நினைப்பு.

வெற்றிச்செல்வி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"அன்னிக்கு பல்லுன்னு வாய்க்கு வந்தத சொன்னேன்டி. மேல அனுப்புற தாள்ல எழுதவும் இல்ல."

அவள் கை அப்படியே நின்றது.

"பல்லுன்னு நான் நம்பவே இல்லக்கா. பயந்துகிட்டு சொல்றீங்கன்னு தெரியும். ஆனா நீங்க எழுதியிருப்பீங்க, மேல படிச்சவங்க பாத்து சரின்னு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதானேக்கா ஒன்றரை வயசு ஊசிக்கும் புள்ளையத் தூக்கிட்டு வந்தேன்?"